மாத்திரைக்கு வழி விடாத வயிறு

ஒக்கூரிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "என் மாமனாருக்கு நடுக்குவாதம். காலையில் போடும் மாத்திரையில் வளவைச் சுற்றி நன்றாக நடந்து வருகிறார். மத்தியானம் சாப்பிட்டபின் போடும் மாத்திரை மட்டும் கேட்பதே இல்லை. அளவைக் கூட்டலாமா?"

டாக்டரைக் கேளாமல் கூட்ட வேண்டாம், சகோதரி. முதலில் ஒன்று சொல்லுங்கள். அவர் வெளிக்குப் போய் எத்தனை நாளாயிற்று?

'பார்க்கின்சன் வியாதி' என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோய் கைகால்களோடு நிற்பதில்லை. குடலை அசைக்கும் நரம்புகளையும் தொடுகிறது. 1817-ல் லண்டனில் இதை முதன்முதலாக விவரித்து எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனே மலச்சிக்கலைக் குறிப்பிட்டிருக்கிறார். பலருக்கு நடுக்கம் காணுவதற்குப் பல வருஷங்கள் முன்பே மலச்சிக்கல் வந்துவிடுகிறது. (மலச்சிக்கல் உள்ளவருக்கெல்லாம் இந்த நோய் வரும் என்று பயப்பட வேண்டாம்!)

லெவோடோபா மாத்திரை சிறுகுடலுக்குப் போன பிறகே ரத்தத்தில் சேரும். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் அது இரைப்பையிலேயே காத்துக் கிடக்கும். பருப்பு, பால், முட்டை, கோழி இவற்றின் புரதமும் மருந்தோடு போட்டியிடும். குடலும் மந்தமானால் கேட்க வேண்டுமா? சாப்பாட்டுக்கு அரைமணி முன்போ, ஒரு மணி பின்போ மாத்திரை தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பூனைக்காலி விதையில் இதே மருந்துச் சத்து உண்டு. 1937-ல் தாமோதரன், ராமசாமி என்ற நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதற்காக மாத்திரையோடு அந்தப் பொடியையும் சேர்த்துத் தந்துவிடாதீர்கள். அளவு மிஞ்சிவிடும்.

இனி வீட்டு வைத்தியம். இருதயம், சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் நாளைக்கு ஏழெட்டு டம்ளர் தண்ணீர். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, பப்பாளி. விழுங்கச் சிரமப்பட்டால் எல்லாவற்றையும் குழைய மசித்துத் தாருங்கள். காலை ஆகாரம் முடிந்த அரைமணிக்குள் குடல் தானாகவே அசையும். அப்போது அவரை அவசரப்படுத்தாமல் உட்கார வையுங்கள். நாற்காலி போன்ற கக்கூஸானால் காலடியில் ஒரு சிறு மணை போடுங்கள். இதற்கும் இளகாவிட்டால், தினமும் தரக்கூடிய மிதமான பேதி மருந்தை டாக்டர் எழுதித் தருவார். மாதம் ஒரு முறை விளக்கெண்ணெய் கொடுத்து ஒரேயடியாக வயிற்றைக் கலக்குவது இந்த நோய்க்கு ஏற்றதல்ல.

பல நாள் சிக்கலுக்குப் பின் திடீரென்று நீராகப் போனால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மருந்து தராதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றிக் கசிவதாக இருக்கலாம். வயிறு உப்பி, வலித்து, வாந்தியெடுத்து, காற்றும் பிரியவில்லையானால் குடல் முறுக்கியிருக்கலாம். கை வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அங்கே முதல் வேலையாக நடுக்குவாதம் உண்டு என்று சொல்லிவிடுங்கள். வாந்திக்குச் சாதாரணமாகப் போடும் மெடோகுளோபிரமைடு ஊசி இந்த நோயை அதிகமாக்கும்.

இந்த விஷயத்தை மருமகளிடம் சொல்ல எந்த மாமனாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்க உங்களுக்கும் கூச்சம். உங்கள் கணவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் வெளியூரில் வேலையாக இருந்தால் மாமியாரைக் கேட்கச் சொல்லுங்கள். போன நாட்களைக் காலண்டரில் ஒரு புள்ளி வைத்துக் குறித்து வாருங்கள். மாத்திரை போட்ட நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தக் காலண்டரையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.