சோதனை வாசலில் நடக்கட்டும், இழவு வீட்டில் வேண்டாம்

சாப்பாட்டு மேசைமீது ஆயுள் காப்பீட்டின் முன்மொழிவுப் படிவம். எதிரே அதே தெருவைச் சேர்ந்த ஏஜென்ட். “சுகர், பிரஷர் ஏதாவது இருக்காண்ணே?” என்கிறார். “சுகருக்கு ஒரு மாத்திரை போடுறேன் தம்பி.” “அதை எழுதினா மெடிக்கல் கேப்பாங்க, பிரீமியம் ஏறும். விடுங்க, பாத்துக்கலாம்.” ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக் விழுகிறது, கீழே கையெழுத்தும் விழுகிறது. அந்த டிக்கின் விலை அன்று அந்த மேசையில் இருந்த இருவருக்கும் தெரிவதில்லை. பின்னாளில் நாமினிக்குத்தான் தெரிகிறது.

மருத்துவப் பரிசோதனை என்றாலே நமக்கு ஒரு பயம். பாலிசி கிடைக்காமல் போய்விடுமோ, பிரீமியம் எகிறிவிடுமோ என்று. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் இனிப்பைத் தொடாமல் இருந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை அதற்கு ஏமாறலாம். ஹெச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை ஏமாறாது, கடந்த இரண்டு மூன்று மாதச் சாப்பாட்டுக் கணக்கை அது ஒப்பித்துவிடும். புகைப்பதில்லை என்று எழுதியவரைச் சிறுநீரில் தெரியும் கோட்டினின் என்ற நிகோடின் எச்சம் காட்டிக்கொடுக்கும்.

ஆனால், பயப்பட வேண்டியது பரிசோதனைக்கு அல்ல, பரிசோதனை இல்லாமல் கிடைக்கும் பாலிசிக்குத்தான். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருக்கிறது என்பதற்காகவே நிறுவனம் கதவைச் சாத்திவிடுவதில்லை. கட்டுக்குள் இருந்தால் வழக்கமான பிரீமியத்திலோ சற்றுக் கூடுதல் பிரீமியத்திலோ பாலிசி தருவதுண்டு. கட்டுக்குள் இல்லையென்றால் சில மாதம் தள்ளிவைப்பார்கள். மறுப்பது கடைசி வழி. எந்த முடிவானாலும் அது நாம் உயிரோடு இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. வேறு ஏற்பாடு செய்துகொள்ள அவகாசமும் இருக்கிறது.

‘மெடிக்கல் தேவையில்லை’ என்பதைச் சலுகைபோல விற்கிறார்கள். உண்மையில் அங்கே சோதனை ரத்தாகவில்லை, தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. பாலிசி எடுத்த சில காலத்திலேயே மரணம் நேர்ந்தால் விசாரணையாளர் வருவார். மருத்துவமனைகளில் பழைய கேஸ் ஷீட்டைத் தேடுவார். பாலிசியை விற்ற அன்று இந்தத் தேடலுக்கு நேரம் இல்லாத நிறுவனத்துக்கு, பணம் கொடுக்க வேண்டிய அன்று நேரம் கிடைத்துவிடுகிறது.

மூன்று ஆண்டுக் கோடு

1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், பிரிவு 45 இங்கே முக்கியமானது. 2015இல் திருத்தப்பட்ட இந்தப் பிரிவின்படி, மூன்று ஆண்டுகள் கடந்த ஆயுள் பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்விக்குள்ளாக்க முடியாது. அதற்குள் என்றால், முக்கியத் தகவலை மறைத்ததாகச் சொல்லிக் கிளெய்மை மறுக்கலாம். மோசடி இல்லாத தவறு என்றால் கட்டிய பிரீமியத்தையாவது 90 நாளில் திருப்பித் தர வேண்டும். பலரும் கவனிக்காத ஒன்று: காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால், அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக் கணக்கு மீண்டும் தொடங்குகிறது.

இதே பிரிவு, பாலிசியைப் பேசி முடிப்பவரை ஒப்பந்தம் உருவாகும் கட்டத்தில் நிறுவனத்தின் ஏஜென்டாகவே கருதுகிறது. அப்படியானால் ஏஜென்ட் போட்ட டிக்குக்கு நிறுவனம்தானே பொறுப்பு? நடைமுறை அவ்வளவு எளிதல்ல. முந்தைய பாலிசி ஒன்றைக் குறிப்பிடாமல் விட்ட ஒரு வழக்கில், படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டதாகச் சொல்லித் தப்பிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதே நீதிமன்றம், வெளிநாட்டுப் பயணத்துக்கான மருத்துவக் காப்பீட்டு வழக்கொன்றில் 2021இல் மறுபக்கத்தையும் சொன்னது: விண்ணப்பதாரர் தெரிவித்த உடல்நிலையை மதிப்பிட்டுப் பாலிசி கொடுத்த பிறகு, அதையே காரணம் காட்டிப் பணம் மறுக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பாடம் ஒன்றுதான்: எழுதிச் சொன்னது காப்பாற்றும்; வாயால் சொன்னது காற்றோடு போகும்.

யார் தலையில் பாரம்?

சட்டத்தில் ஓர் ஓரவஞ்சனையும் இருக்கிறது. நிறுவனம் மோசடி என்று சொல்லும்போது பாலிசிதாரர் உயிரோடு இல்லையென்றால், மோசடி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு பயனாளியின் தலையில் விழுகிறது. கணவர் படிவத்தில் என்ன எழுதினார் என்றே அறியாத மனைவி எதை வைத்து நிரூபிப்பார்? இந்த வாசகத்தை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். பரிசோதனையைத் தானாக முன்வந்து கைவிட்ட நிறுவனத்துக்கு, அந்தப் பரிசோதனையிலேயே தெரிந்திருக்கக்கூடிய நோயைக் காட்டிக் கிளெய்மை மறுக்கும் உரிமையும் இருக்கக் கூடாது. சோதிக்காமல் விற்று லாபம் பார்ப்பவர் அதன் ஆபத்தையும் சுமப்பதே நியாயம்.

சட்டம் மாறும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். பாலிசிப் பத்திரத்தோடு முன்மொழிவுப் படிவத்தின் நகலும் வரும். அதில் தவறு கண்டால், பத்திரம் கையில் கிடைத்த 30 நாளுக்குள், மருத்துவப் பரிசோதனைச் செலவு போன்ற சில பிடித்தங்கள் போக, பிரீமியத்தைத் திரும்பப் பெற்றுப் பாலிசியை விட்டுவிடலாம். அந்தக் காலம் கடந்திருந்தாலும் விடுபட்டதை எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை.

இன்றிரவே பீரோவைத் திறந்து அந்த நகலை எடுங்கள். மனைவியையோ கணவரையோ பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு டிக்கையும் வாய்விட்டுப் படியுங்கள்.