பங்களா பாரம்பரியம் என்றால் லயம் என்ன?

இலங்கைக்குச் சுற்றுலா போவது இப்போ நம்ம ஆட்களுக்கும் எட்டுகிற காரியமாகிவிட்டது. அரசு வேலையிலிருக்கும் தோழர்கள், ஆய்வு மாணவர்கள், அநுராதபுரத்து வெள்ளரசை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிற பௌத்தத் தோழர்கள் எல்லாரும் திட்டம் போடுகிறார்கள். ஆசை நியாயமானதுதான். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் போய்ப் பௌத்தத் தீட்சை பெற்று வந்த தீவு அது. 1950இல் அண்ணல் அம்பேத்கர் உலக பௌத்தர் மாநாட்டுக்காகப் போன தீவு. போகாதீங்க என்று யாரும் சொல்லவில்லை. போங்க. ஆனா எதைப் பார்ப்பது என்ற பட்டியலை யார் எழுதினது? அதைத்தான் பேச வேண்டியிருக்கு.

‘பாரம்பரியமும் கட்டிடக்கலையும்’ என்று சுற்றுலாக் கம்பெனிகள் நீட்டுகிற பட்டியல் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. சிகிரியா, தம்புள்ள குகை, கண்டி தலதா மாளிகை. அப்புறம் நுவரெலியா, அப்புறம் காலிக் கோட்டை. இடையில் ஜெஃப்ரி பாவா கட்டிய ஏதாவது ஒன்று. பாவா பெரிய கலைஞர், அதில் சந்தேகமில்லை. கண்டலம ஓட்டலைப் பாறைக்கும் காட்டுக்கும் உள்ளே ஒளித்துவைத்த மாதிரி கட்டியிருக்கிறார். பார்க்க வேண்டியதுதான். காலிக் கோட்டையும் அப்படியே. போர்ச்சுக்கீசியன் தொடங்கி, டச்சுக்காரன் பெருக்கி, வெள்ளைக்காரன் வைத்துக்கொண்ட கோட்டை. 1988இல் யுனெஸ்கோ முத்திரை குத்தியது. இதையெல்லாம் விரித்துச் சொல்ல நிறையப் புத்தகங்கள் இருக்கு. எனக்குச் சண்டை மலைநாட்டோடு.

மலையில் என்ன காட்டுகிறார்கள்? பங்களா. அப்புத்தளையில் சர் தாமஸ் வில்லியர்ஸ் என்ற துரை 1931இல் கட்டிய அடிசம் பங்களா. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருக்கும் ஒரு கிராமத்தின் பெயரைக் கொண்டுவந்து இந்த மலையில் நட்டுவிட்டான். நுவரெலியாவில் ஹில் கிளப், 1876இல் தொடங்கியது. கறுப்புத்தோல் உறுப்பினராக நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறையக் காத்திருக்க வேண்டியிருந்தது. கந்தப்பளையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையே 1996இல் ஓட்டலாகிவிட்டது. அந்த ஜனங்கள் பாஷையில் அது ‘ஸ்டோர்’. தலையில் கயிறு மாட்டிக் கூடை நிறையக் கொழுந்தைச் சுமந்து வந்து கொட்டின இடம். இப்போ அங்கே மெத்தை போட்டிருக்கு. பல தோட்டங்களில் துரை குடியிருந்த பங்களாக்களே விடுதியாகிவிட்டன. ஓரிரவுக்கு நூற்றுக்கணக்கான டாலர். சுற்றியிருக்கிற மலையில் கொழுந்து பறிக்கிற பெண்ணின் நாள்கூலி 2021இல்தான், எத்தனையோ போராட்டத்துக்கு அப்புறம், இலங்கைப் பணத்தில் 1,000 ரூபாயாச்சு. 2024இல் 1,350.

அந்தப் பெண் எங்கே குடியிருக்கிறாள்? லயத்தில். பங்களா மேட்டில் இருக்கும், லயம் பள்ளத்தில் இருக்கும். பங்களா இஸ்தோப்பில் நின்றால் ஸ்டோரும் பிரட்டுக்களமும் தெரிகிற மாதிரிதான் பார்த்துப் பார்த்து இடம் பிடித்தான் வெள்ளைக்காரன். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா. அப்படிப் பத்து, பன்னிரண்டு காம்பரா ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக. சில லயத்தில் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசை. பின்பக்கம் ஜன்னல் வைக்கச் சுவரே கிடையாது. முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. அதிலேயே அடுப்பு, அதிலேயே கோழி, அதிலேயே கிழவன் படுக்கை. தண்ணிக்குப் பீலிக்கரை. தகரக் கூரை மேல் மழை பெய்தால் உள்ளே பேச்சுக் கேட்காது. நூறு வருஷம் தாண்டிய லயங்களில் இன்னைக்கும் மூணு தலைமுறை ஒரே காம்பராவில் இருக்கு.

பழமைதான் கணக்கு என்றால் லயமும் பழசு. ஒரு காலத்தின் வாழ்க்கையைச் சொல்வதுதான் கணக்கு என்றால் பங்களாவை விட லயம் அதிகம் சொல்லும். நூற்றாண்டுக்கு மேல் ஒரு நாட்டின் வருமானத்தைச் சுமந்த கட்டிடம் அது. அப்புறம் ஏன் அது பட்டியலில் இல்லை? அழகில்லையாம். அழகு யாருடைய கூலியில் செய்யப்பட்டது என்ற கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்குப் பெயர்தான் இங்கே ரசனை. நம்மூரில் அக்ரகாரத்துத் திண்ணைக்கு ‘மரபுக் கட்டிடக்கலை’ என்று பெயர், சேரிக் குடிசைக்கு ‘ஆக்கிரமிப்பு’ என்று பெயர். அதே சூத்திரம்தான் கடல் தாண்டியும்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட கதையைக் கண்டிக்குப் பக்கத்திலுள்ள அந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் விலாவாரியாகச் சொல்வார்கள். அவன் சாமான்கள்கூட இருக்கு. அந்த 19 ஏக்கரைக் கொத்தினவன் பேர் என்ன? அவன் எந்த ஊர்? திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம். நம்ம ஜில்லாக்கள். பஞ்சத்திலும் பண்ணையடிமையிலும் இருந்து தப்பித்து ஓடினவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், அருந்ததியர். காப்பிக் காலத்தில் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ள தாண்டி மாத்தளைக்குப் போனார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். நீங்கள் ஏசி வேனில் தம்புள்ளயிலிருந்து மாத்தளைக்குப் போகிறீர்களே, அந்தத் தடம்தான். 2023இல், மலையக மக்களின் 200 வருஷத்தை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் அந்த ஜனங்களும் அவர்களோடு நின்றவர்களும் அதே தடத்தில் நடந்து காட்டினார்கள். எந்த வழிகாட்டிப் புத்தகம் அந்தப் பாதைக்குக் கோடு போட்டிருக்கு?

இங்கே இன்னொன்றும் சொல்லணும், நம்ம தமிழ்த் தேசியத் தோழர்களுக்குக் கசக்கும். கப்பலேறினதும் சாதி கடலில் விழுந்துவிட்டது என்று ஒரு கதை ஓடுது. விழவில்லை. கங்காணி அதைப் பத்திரமாக மூட்டை கட்டிக் கூடவே கொண்டுபோனான். ஆள் பிடிக்கிற கங்காணி பெரும்பாலும் குடியான சாதி. பிடிபட்டவன் பெரும்பாலும் நம்ம சாதி. துரை அதைப் புரிந்துகொண்டு சாதிக்கொரு லயமாகப் பிரித்துக் கொடுத்தான். விடியுமுன்னே தப்படித்துப் பிரட்டுக்கு எழுப்பினவன் யார், லயத்துச் சாக்கடையும் கக்கூசும் கழுவ விடப்பட்டவன் யார் என்று கேட்டால் ஊர்ப் பதில்தான் வரும். ஆகவே லயத்துக்குப் போகிற தோழர் ‘ஐயோ நம் தமிழர்’ என்று உருகுவதோடு நிற்கக்கூடாது. எந்த லயம் யாருக்கு இருந்தது, சாமி ஊர்வலம் எந்த லயத்து வாசலில் திரும்பிப் போச்சு என்று கேட்கணும். அதே தப்புதான் மாசியில் காமன் கூத்துக்கும் அடிக்கிறது. அந்தக் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்க்காதவன் மலையகத்தின் கலையைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டாம்.

அம்பேத்கர் கண்டிக்குப் போன 1950 மே மாதத்தில், சுற்றியிருந்த மலைகளில் நம்ம சனங்கள் நாடற்றவர்களாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை வெளியே தள்ளியது, அடுத்த வருஷம் ஓட்டும் போச்சு. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைக் கூறு போட்டார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம். சந்தையில் மாட்டைப் பங்கு போடுறபோதுகூட மாட்டின் சுழியைப் பார்ப்பான். இங்கே யாரையும் கேட்கவில்லை. 2003இல்தான் நாடற்றவராக மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி பிறந்தது.

சரி, பயணத் திட்டத்துக்கு வருவோம். தலவாக்கலைப் பாதையில் டெவன் நீர்வீழ்ச்சி எதிரே எல்லா வண்டியும் நிற்கும், எல்லாரும் படம் எடுப்பார்கள். எடுங்க. எடுத்துவிட்டு அந்த டெவன் தோட்டத்தில் 1977 மே மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்த சிவனு லெட்சுமணனைக் கேளுங்க. தோட்ட நிலத்தைப் பிடுங்கித் தொழிலாளியைத் துரத்தும் திட்டத்தை எதிர்த்து நின்றவர். அவருக்கு முன்னாடி 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டார். கொஸ்லந்தைக்குத் தியலும நீர்வீழ்ச்சி பார்க்கப் போகிறவர்கள் அதே கொஸ்லந்தையின் மீரியபெத்தையையும் கேட்டறியணும். 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை ஆட்களோடு மூடிய இடம். அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்னாடியே எச்சரித்திருந்தார்கள். வேற இடமும் வீடும் கொடுக்க ஆளில்லை.

கம்பளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தையே 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். தலதா மாளிகைக்குப் போகிற அன்றைக்கே அங்கேயும் போய் வரலாம். தேடிப்போகிறவர் குறைச்சல்.

போகிற தோழர்களுக்கு ஒரு கண்டிப்பு. லயம் கண்காட்சி இல்லை, ஆள் இருக்கிற வீடு. கேமராவைத் தூக்கிக்கொண்டு காம்பராவுக்குள் நுழையாதீங்க. வறுமையைப் படம் பிடித்து வந்து இங்கே கூட்டத்தில் காட்டுவது வெள்ளைக்காரன் வேலை. இன்னொன்று, லயத்தைப் ‘பாரம்பரியம்’ என்று சொல்லி அப்படியே காப்பாற்றணும் என்று நாம் கோரினால், உள்ளே இருக்கிற அம்மா நம்மைத் துடைப்பத்தால் அடிப்பாள், அடிக்கணும். அவர்கள் கேட்பது தங்கள் பெயரில் காணி, தனி வீடு. லயம் இடிபட வேண்டியதுதான். தோட்டத்துக்கு ஒன்றை மட்டும் நிறுத்தி வைத்து, அதில் யார் பெயர் எழுதுவது, யார் படம் மாட்டுவது என்பதை அந்தச் சனங்களே முடிவு செய்யட்டும். மொரீசியஸில் கூலிகள் இறங்கிய படிக்கட்டுக்கு, ஆப்ரவாசி காட் என்கிற இடத்துக்கு, 2006இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. கரும்புத் தோட்ட முதலாளியின் மாளிகைக்கு இல்லை, படிக்கட்டுக்கு. இலங்கை மலைநாட்டுக்கும் 2010இல் அந்த அங்கீகாரம் வந்தது. எதுக்கு? காட்டுக்கும் உயிரினங்களுக்கும்.

பயணத்தை விமான நிலையத்தில் தொடங்காதீங்க, மண்டபத்தில் தொடங்குங்க. தோட்டத்துக்குப் போகிற கூலிகளை அடைத்து வைத்து, மருந்தடித்து, ஊசி போட்டுக் கப்பலேற்றிய முகாம் அங்கேதான் இருந்தது. 1980களிலிருந்து ஈழ அகதிகளின் முகாமும் அதே மண்டபத்தில்தான். ஒரே கரையில் போனவனும் அடைபட்டான், வந்தவனும் அடைபட்டான். முடிக்கிறதைக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் முடிங்க. ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்களுக்காக அரசு போட்ட தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் லயம் மாதிரி வரிசை வீடுதான் கட்டிக் கொடுத்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய் என்கிறார்கள். போக ஊர் எது? ஊட்டியில் வெள்ளைக்காரன் பங்களாவில் ‘ஹெரிடேஜ்’ என்று போர்டு மாட்டியிருக்கு, பார்க்கக் கூட்டம் வரும். கூடலூர் பஸ்ஸும் அந்த ஊர் ஸ்டாண்டிலிருந்துதான் புறப்படுது.