வீட்டுப் பட்டறைக்கு வந்த கிடங்கு ரேக்



காரைக்குடியிலுள்ள என் மைத்துனர், துபையின் ஜபல் அலியில் ஒரு சரக்குக் கிடங்கில் பல்லாண்டுகள் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவர். பழைய வீடுகளை இடிக்கும்போது வெளிவரும் பர்மாத் தேக்கு நிலைகளையும் கதவுகளையும் வாங்கி, பழுது நீக்கி, மெருகேற்றி விற்பதைத் தொழிலாகக் கொண்டுள்ளார். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைக் கண்டவர்களுக்கு இத்தொழிலின் அருமை புரியும். வீட்டின் பின்கட்டே அவருக்குப் பட்டறை. மரங்களைத் தரையில் போட்டால் கறையான். சுவரில் சாய்த்தால் பிள்ளைகள் மேல் விழுமோ என்ற அச்சம். பரண் ஏற்கனவே நிரம்பிவிட்டது. ஆகவே, தாம் ஜபல் அலியில் நாள்தோறும் பார்த்த பேலட் ரேக்கையே வீட்டிற்குக் கொண்டுவந்துவிட்டார். பழைய இரும்பு வாங்கி விற்கும் ஒருவரிடம் எடைக்கு வாங்கியது.

"மச்சான், இது ஒரு தட்டுக்கு ஒரு டன் தாங்கும். நம்ம மரம் இதுக்குத் தூசு" என்று பெருமையோடு காட்டினார். எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. அன்று மஃரிபுக்குச் சற்று முன்னர், நடுத்தட்டிலிருந்த ஒரு நிலைக்காலை இருவருமாக வெளியே இழுத்தோம். அதன் பின்முனை எழும்பி, மேல்தட்டின் பீமைக் கீழிருந்து இடித்தது. "டக்" என்று ஓர் ஓசை. பீமின் ஒரு முனை தூணை விட்டுக் கழன்றது. மேலிருந்த மரங்கள் ஒரு பக்கமாகச் சரிந்து தரையில் விழுந்தன. அவருடைய ஐந்து வயதுப் பேரன் அந்த இடத்தில்தான் அமர்ந்து திருகாணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய உம்மா அழைக்க, எழுந்து சென்று இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது. அல்ஹம்து லில்லாஹ், எவருக்கும் காயமில்லை. ஆத்தங்குடிக் கற்கள் இரண்டு நொறுங்கின.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இந்த ரேக்கைப் பற்றித் தெரிந்தவர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்தவற்றை இம்மாதப் பகுதியில் எழுதுகிறேன். வளைகுடாவிலிருந்து திரும்பிய சகோதரர்கள் பலர் வீட்டோடு சேர்த்துப் பட்டறை வைத்திருக்கிறார்கள். பழைய கிடங்கு ரேக்குகளும் எளிதில் கிடைக்கின்றன.

முதலில் அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். துளைகளிட்ட இரு இரும்புத் தூண்களைக் குறுக்குப் பட்டைகளால் இணைத்து ஏணி போல் நிறுத்தியிருப்பது பக்கச் சட்டம். இரண்டு பக்கச் சட்டங்களுக்கு இடையே முன்னும் பின்னுமாகப் போகும் இணை பீம்கள்தாம் ஒரு தட்டு. மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் நாம் காணும் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்கிற்கு நட்டும் போல்ட்டும் உண்டு. இதற்கு அவை தேவையில்லை. பீமின் முனையிலுள்ள கொக்கிகளைத் தூணின் துளைகளில் மாட்டிக் கீழ்நோக்கித் தட்டினால் போதும். பாரம் ஏற ஏறக் கொக்கி இறுகும். ஆனால் மேல்நோக்கி ஓர் இடி பட்டால், மாட்டிய வழியே கழன்றுவிடும். கிடங்கில் ஃபோர்க்லிஃப்டின் கரம் பீமைக் கீழிருந்து இடிப்பது உண்டு என்பதால், ஒவ்வொரு முனையிலும் லாக் பின் என்னும் சிறு பூட்டூசி போடுவது விதி. எங்கள் ரேக்கில் ஓர் ஊசி கூட இல்லை. பழைய இரும்பாகக் கைமாறும்போது முதலில் தொலைவது இந்தச் சிறு பொருள்தான். அதன் இடத்தில் ஆணியையோ கம்பியையோ செருகுவோரும் உண்டு. அது போதாது; அந்த ரேக்கிற்கென்றே செய்த ஊசி வேண்டும்.

"ஒரு டன் தாங்கும்" என்ற பேச்சைச் சற்று ஆராய வேண்டும். தயாரித்தவர் ஒட்டிய பாரச்சீட்டில் உள்ள எண், ஓர் இணை பீமின் மீது சீராகப் பரவிய எடைக்கு உரியது. நடுவில் குவித்துவைத்த எடைக்கு அது பொருந்தாது. சீட்டே இல்லாத ரேக்கின் திறனை வெளித்தோற்றத்தைக் கொண்டு எவரும் கூற இயலாது. ஏழு அடி நீளம், ஐந்துக்கு நான்கு அங்குலம் உள்ள தேக்குக்கால் ஒன்று ஏறக்குறைய 18 கிலோ. நாற்பது கால்களை அடுக்கினால் 720 கிலோ! கையால் ஒவ்வொன்றாக ஏற்றுவதால் இந்தக் கனம் நமக்கு உறைப்பதில்லை. பீமின் இரு முனைகளுக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பார்ப்பது நல்லது. முழுப் பாரத்திலும் தொய்வு, நீளத்தில் இருநூறில் ஒரு பங்கிற்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. ஒன்பதடி பீமுக்கு அது 13 மில்லிமீட்டர் அளவில் வரும். பாரத்தை இறக்கிய பின்னும் தொய்வு தெரிந்தால் அந்த பீம் ஏற்கனவே களைத்துப்போனது.

பீமை விடத் தூணே எனக்குப் பெரிய கவலையைத் தந்தது. உயரமான கதவுகளை நிறுத்திவைப்பதற்காக மைத்துனர் அடித்தட்டின் பீம்களை எடுத்துவிட்டு, முதல் தட்டை ஆறடி உயரத்தில் மாட்டியிருந்தார். பாரம் அதிகரிக்கவில்லையே, இதில் என்ன கெடுதல் என்று தோன்றும். மெல்லிய நீண்ட தூண் நசுங்கி உடைவதில்லை, வளைந்து ஒடிகிறது. ஒரு விளக்குமாற்றுக் குச்சியை முழுநீளத்தில் நிறுத்தி அழுத்திப் பாருங்கள். பிறகு பாதியாக ஒடித்து அழுத்திப் பாருங்கள். பிடிப்பில்லாத நீளம் இரட்டித்தால் வளைவைத் தாங்கும் வலிமை நான்கில் ஒன்றாகிவிடும் என்று ஆய்லர் என்னும் கணித மேதை 1744 ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். தட்டுகளின் இடைவெளியை மாற்றுவது, நாம் அறியாமலே தூணின் வலிமையை மாற்றுவதாகும்.

அந்தத் தூண்களில் ஒன்று முழங்கால் உயரத்தில் உள்வாங்கியிருந்தது. என்றோ ஃபோர்க்லிஃப்ட் இடித்த தழும்பு. ஐரோப்பிய நாடுகளில் கையாளப்படும் இ.என். 15635 என்ற தர விதி இதற்கு எளிய சோதனை சொல்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தைத் தூணின் மேல் வைத்து இடைவெளியை அளக்க வேண்டும். பீம் செல்லும் திசையில் 5 மில்லிமீட்டர், பக்கச் சட்டத்தின் முன்பின் திசையில் 3 மில்லிமீட்டர், குறுக்குப் பட்டைகளில் 10 மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம். அளவு இரு மடங்கை எட்டினால் உடனே பாரத்தை இறக்கிவிட வேண்டும். எங்கள் தூணில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது. "தட்டி நிமிர்த்திடலாம் மச்சான், வெல்டிங் வச்சுடலாம்" என்றார் அவர். அது கூடவே கூடாது. மெல்லிய தகட்டைக் குளிர்நிலையில் மடித்துச் செய்த தூண் அது. சூடும் சுத்தியலும் பட்டால் முன்னிருந்த வலிமையும் போய்விடும்.

இவ்வளவு சொல்வது மிகை என எண்ண வேண்டாம். 2016 மே மாதம் இங்கிலாந்தின் ஹின்ஸ்டாக் என்னும் ஊரில், பாலாடைக்கட்டி அடுக்கிய கிடங்கு ரேக்குகள் தொடர்ச்சியாகச் சரிந்து, ஓர் ஓட்டுநர் எட்டு மணி நேரத்திற்கும் மேலாக அடியில் சிக்கி, உயிருடன் மீட்கப்பட்டார். 2020 அக்டோபரில் பிரேசிலின் சாவோ லூயிஸ் நகரில், மொத்த விற்பனை அங்காடி ஒன்றின் ரேக்குகள் வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே சரிந்தன. ஓர் இளம்பெண் ஊழியர் உயிரிழந்தார். அக்காட்சியைக் கைப்பேசியில் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள்.

இனி, செட்டிநாட்டுப் பழைய வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று. கிடங்கின் தளம் கனத்த காங்கிரீட். நம் பின்கட்டின் தளமோ சுண்ணாம்புக் கலவையும் மண்ணும் பரப்பி, மேலே கண்ணாடியில் வார்த்த ஆத்தங்குடிக் கல் பதித்தது. இரு தட்டுகளில் 1,400 கிலோ ஏற்றினால் ஒவ்வொரு காலிலும் 350 கிலோ இறங்கும். நாலங்குலச் சதுர அடித்தகட்டில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மூன்றரை கிலோ! சாதாரண மண் அதற்கு அமிழும், கல் விரியும், ஒரு கால் அமிழ்ந்தால் ரேக் முழுவதும் சாயும். ஆங்கர் போல்ட்டும் சுண்ணாம்பில் பிடிக்காது. காலுள்ள நான்கு இடங்களில் மட்டும் கற்களை நோகாமல் பெயர்த்து, ஒன்றரை அடிச் சதுரத்தில் ஓரடி ஆழக் காங்கிரீட் இட்டு, ஒரு வாரம் நனைத்து, ஒரு மாதம் ஆறவிட்டு, அதில் போல்ட் அடிப்பதே முறை. அப்போது அதே பாரம் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோவிற்கும் கீழே பரவிவிடும். கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்துத் தூண்களை நேராக்கித் தந்தார். கூலி ஒரு நாள்தான்.

மரத்தை பீம்களின் மேல் நேரடியாக நீளவாக்கில் போடலாகாது. முன் பீமுக்கும் பின் பீமுக்கும் இடையே இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கட்டைகள் வேண்டும். அவையும் வழுகாமல் பீமில் பிணைத்திருக்க வேண்டும். சிறு பொருள்களுக்கு முக்கால் அங்குல ஒட்டுப்பலகை விரிக்கலாம். கனமானவை கீழே, இலேசானவை மேலே என்பதைப் பெண்கள் அடுக்களையில் நன்கறிவர். ஆண்களுக்குத்தான் பட்டறையில் மறந்துபோகிறது. நம் வீட்டில் ஃபோர்க்லிஃப்ட் இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தோளுக்கு மேலே மரம் ஏற்ற இயந்திரமில்லாதபோது, பத்தடி உயரம் எதற்கு?

மைத்துனர் இப்போது அடித்தட்டு பீம்களைத் திரும்ப மாட்டிவிட்டார். தழும்புபட்ட தூண் இருந்த சட்டம் பழைய இரும்பாகவே போயிற்று. அதற்குப் பதில் அதே வகையில் புதிய சட்டம் ஒன்று வாங்கினார். ரேக்கின் பின்பக்கம் கம்பி வலை கட்டியாயிற்று. முன்னே நான்கடி தூரத்தில் தரையில் சிவப்புக்கோடு ஒன்று போட்டு, பேரனிடம், "இதைத் தாண்டினா நன்னா பட்டறையைப் பூட்டிடுவேன்" என்று சொல்லிவைத்திருக்கிறார். அவன் கோட்டின் மேலேயே அமர்ந்து திருகாணி பிரிக்கிறான். நொறுங்கிய இரு கற்களுக்கு ஆத்தங்குடியிலிருந்து புதியவை வாங்கிப் பதித்தோம். பழைய சிவப்போடு புதிய சிவப்பு இன்னும் சேரவில்லை.