தர்பூசணியை மட்டுமா, கடைக்காரரையும் தட்டிப் பாருங்க!

பங்குனி பிறந்துவிட்டால் போதும். தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என ஊருக்கு ஊர் தார்ப்பாய்ப் பந்தல் முளைத்துவிடும். உள்ளே குவியல் குவியலாகத் தர்பூசணி. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தீச்சட்டி எடுத்து வருகிற கூட்டத்துக்கு நடுவே, பத்தை போட்டு விற்கிற தள்ளுவண்டியைச் சுற்றியும் ஒரு கூட்டம் நிற்கும்.

இதே பள்ளத்தாக்கில் விளைகிற கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரிலேயே ஊர் இருக்கிறது. தர்பூசணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பக்கத்துத் தோட்டத்துக் காயும் வரும், திண்டிவனம் பக்கத்திலிருந்து லாரி ஏறி வந்த காயும் வரும். குவியலில் கிடக்கும்போது எல்லாம் ஒரே பச்சைதான். ஆகவே பழத்துக்கு விலாசம் என்று ஒன்று இருந்தால், அது விற்கிறவர்தான்.

2025 கோடையில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். தர்பூசணியில் ஊசி மூலம் சாயம் ஏற்றுகிறார்கள் என்று எச்சரித்து, சென்னையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் பேசிய வீடியோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. பஞ்சால் துடைத்துப் பார்க்கும் சோதனையும் கூடவே பரவியது. விளைவு, நல்ல சீசனில் விற்பனை படுத்துவிட்டது. வாங்க வியாபாரி வராமல் காய்கள் வயலிலேயே கிடந்தன. விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். விளக்கங்கள் வந்தன, அந்த அதிகாரியும் இடமாற்றம் செய்யப்பட்டார். ஆனால் சுமார் 70, 80 நாளில் முடிந்துபோகிற பயிருக்கு, விளக்கம் வந்து சேர்வதற்குள் அறுவடைக் காலம் போய்விடும். தவறு எதுவும் செய்யாத விவசாயி தலையில்தான் அந்த வருஷம் விடிந்தது.

அந்தப் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. கொஞ்சம் யோசித்தால், ஒரு லோடில் ஆயிரக்கணக்கில் இருக்கிற காயை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி போட எந்த வியாபாரிக்குக் கட்டுப்படியாகும்? போட்டாலும், கெட்டியான சதைக்குள் சாயம் சீராகப் பரவாது. துளை விழுந்த இடம் சீக்கிரம் அழுகத் தொடங்கும். பழத்தின் சிவப்பு லைகோபீன் என்ற இயற்கை நிறமி. தக்காளியில் இருப்பதும் அதுவே. பஞ்சில் பழச்சாறு ஒட்டினாலே லேசான இளஞ்சிவப்பு தெரியும். அதை வைத்துக் கலப்படம் என்று முடிவு கட்ட முடியாது, ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். தோலில் தெரியும் சிறு புள்ளித் தழும்பு பெரும்பாலும் பூச்சி வேலை. நடுவில் வெடிப்பு விட்டிருந்தால், அது மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததாலும் வரும்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறு. அது கத்தி.

2011-ல் அமெரிக்காவில் முலாம்பழம் சாப்பிட்ட 147 பேருக்கு லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தொற்றியது. 33 பேர் இறந்துபோனார்கள். கிருமி வந்தது ஒரே ஒரு பண்ணையிலிருந்து. பழத்தைச் சுத்தம் செய்து அடுக்குகிற கூடத்தின் சுகாதாரக் குறைவே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. தோலில் ஒட்டியிருக்கும் கிருமி, வெட்டும்போது கத்தியோடு சேர்ந்து சதைக்குள் போய்விடும். அதனால் முழுப் பழமாக வாங்குவதே நல்லது. வீட்டில் ஓடுகிற தண்ணீரில் தோலை நன்றாகத் தேய்த்துக் கழுவி, பிறகு வெட்ட வேண்டும். காலையில் வெட்டி, ஈ மொய்க்க, சாலைப் புழுதியில் மதியம்வரை உட்கார்ந்திருக்கும் பத்தையைக் குழந்தைக்கு வாங்கிக் கொடுப்பதைவிட, பத்து நிமிஷம் காத்திருந்து கண்ணெதிரே புதுப் பழத்தை வெட்டச் சொல்லலாம். முகம் சுளிக்காமல் வெட்டிக் கொடுக்கிறாரா என்பதிலேயே கடைக்காரரைப் பாதி எடை போட்டுவிடலாம்.

மீதிப் பாதிக்கு, கேட்கிற கேள்வி சரியாக இருக்க வேண்டும். "இனிக்குமா அண்ணே?" என்று கேட்டால், "கல்கண்டுக்கா!" என்றுதான் பதில் வரும். "எந்த ஊருக் காய்? லோடு என்னைக்கு இறங்குச்சு?" என்று கேட்டால்தான் ஆள் தெரியும். தினமும் கொள்முதல் செய்கிறவர் ஊரையும் நாளையும் தயங்காமல் சொல்வார். "நம்ம தோட்டத்துக் காய்தான் தாயி" என்கிறவரிடம், தோட்டம் எங்கே என்று அடுத்த கேள்வி போட்டால் சிலர் முழிப்பதுண்டு. வெட்டிப் பார்த்து வெள்ளையாக இருந்தால் மாற்றித் தருவேன் என்கிறவர், நாளைக்கும் அதே புளியமரத்தடியில் கடை போடுகிறவராக இருக்க வேண்டும். மினி வேனில் வந்து மைக்கில் கூவி விற்றுவிட்டுப் போகிறவரிடம் இந்த வாக்குறுதிக்கு மதிப்பில்லை. விலை மலிவு என்பது வேறு கணக்கு. எலக்ட்ரானிக் தராசில் இந்த வருஷத்து முத்திரை இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை முத்திரையிட வேண்டும் என்பது சட்டம்.

கம்பம், தேனி உழவர் சந்தைகளில் காலையிலேயே போனால் இந்த விசாரணை பாதி குறைந்துவிடும். அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிதான் அங்கே விற்க முடியும். விலையும் பலகையில் எழுதியிருக்கும்.

பழத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? தரையில் பட்டுக் கிடந்த இடம் வெள்ளையாக இல்லாமல் வெண்ணெய் மஞ்சளாக இருக்க வேண்டும். ஒரே அளவில் இரண்டைத் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுக்கலாம். தட்டினால் 'டொம்' என்று கேட்க வேண்டும் என்பார்கள். அது கைப்பழக்கம், எல்லாருக்கும் வராது. தர்பூசணி பறித்த பிறகு பழுக்காது. "ரெண்டு நாள் வச்சுச் சாப்பிடுங்க, இனிச்சிரும்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடலாம். கிர்ணிப்பழம் அப்படி இல்லை. அது பறித்த பிறகும் மென்மையாகும், மணம் ஏறும். காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்தால் தெரியும்.

காதுகுத்து, நீர்மோர்ப்பந்தல் என்று மொத்தமாக எடுக்கிறவர்கள் குவியலின் மேலே இருக்கிற ஒன்றை மட்டும் வெட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்றாவது வெட்டச் சொல்ல வேண்டும். வெட்டிய பழத்துக்குக் காசு கொடுத்துவிட்டால் வியாபாரிக்கும் வருத்தமில்லை. காய்க்கணக்கில் பேசாமல் எடைக்கணக்கில் பேசுவதும், அழுகல் வந்தால் யார் பொறுப்பு என்பதை முன்பே முடிவு செய்வதும், பந்தியில் பழம் காலியாகும்போது வருகிற சண்டையைத் தவிர்க்கும்.

வெட்டாத பழம் நிழலான இடத்தில் ஒரு வாரம் போலத் தாங்கும். வெட்டியதை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். தோலுக்கும் சிவப்புக்கும் நடுவில் இருக்கிற வெள்ளைப் பகுதியைத் தூக்கி எறிய வேண்டாம். சுரைக்காய்க்கு அது சொந்தக்காரக் குடும்பம்தான். பச்சைத் தோலைச் சீவிவிட்டுப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தால், என்ன காய் என்று வீட்டில் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.