விதியுமல்ல, ரேண்டமுமல்ல

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. 'தலைவிதி' என்றது ஊர். 'எல்லாம் ரேண்டம்' என்றார்கள் என்னைப் போன்ற எஞ்சினியர்கள். ரெண்டும் ஒரே சோம்பேறித்தனம்.

கணினி சூத்திரம் வைத்து உருவாக்கும் ரேண்டம் எண்ணில் தற்செயலே கிடையாது. சூத்திரமும் தொடக்க எண்ணும் தெரிந்தவனுக்கு அடுத்த எண்ணும் தெரியும். வானிலையும் சமன்பாடுகளுக்குக் கட்டுப்பட்டதுதான். ஆரம்ப நிலையை அளப்பதில் துளி பிசகினாலும் கணிப்பு எங்கேயோ போய்விடும் என்று 1963இல் லோரன்ஸ் காட்டினார். அங்கே ரேண்டம் என்பது நம்ம அறியாமைக்கு வைத்த பேர். அசல் தற்செயல் இருக்கிறதா என்று அணுவுக்குள் தேடுங்கள்.

ஆழ்கடல் படகுக்கு எச்சரிக்கை எட்டாததில் குவாண்டம் ஒண்ணுமில்லை. அறியாமையை ரேண்டம்னு சொல்லலாம். அலட்சியத்தைச் சொல்லக் கூடாது.