பொத்தான் எங்கே போயிற்று?

கைப்பேசிச் செயலி இயற்றப் பழகும் நம் இளைஞர்களுக்கு முதலில் எளிதாகத் தோன்றும் வழி ஒன்றுண்டு. திரையின் மேல் இடது மூலையை ஆதிப்புள்ளியாகக் கொண்டு, வலப்புறம் இத்தனை புள்ளி, கீழ்நோக்கி இத்தனை புள்ளி என ஒவ்வொரு பொத்தானுக்கும் ஆயத்தொலைவு குறித்துவிடுவதே அது. பள்ளி வடிவியலில் செங்குத்தச்சு மேல்நோக்கி ஏறும். இங்கு கீழ்நோக்கி இறங்கும். வேறு புதுமை ஏதுமில்லை.

2007-ஆம் ஆண்டில் ஐபோன் வெளிவந்தபோது அதன் திரை குறுக்கே 320 புள்ளியும் நெடுக்கே 480 புள்ளியும் கொண்டிருந்தது. மறு ஆண்டு வந்த முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் அதே அளவினதே. அளவு ஒன்றாயிருந்தவரை எண்கள் பிழைத்தன. ஆயினும் ஆண்ட்ராய்டை ஆக்கியோர் முன்னறிவுடையோர் என்றே சொல்லவேண்டும்: எண்ணால் மட்டுமே இடம் குறிக்கும் 'அப்சல்யூட் லேஅவுட்' என்னும் அமைப்பை 2009-லேயே ஒதுக்கி வைத்துவிட்டனர். 2012-ல் ஐபோன் திரை நீண்டபோது, பழைய செயலிகள் மேலும் கீழும் கருப்புப் பட்டைகளுக்கு நடுவே அடைபட்டுக் கிடந்ததை அன்பர்கள் சிலர் நினைவுகூரலாம்.

திரையளவு மாறுவதுகூடப் பெரிதன்று. நம்மவர்க்கு உற்ற இடர் வேறு. ஆங்கிலத்தில் 'பே' என மூன்றே எழுத்தில் முடிவது, தமிழில் 'பணம் செலுத்துக' என நீள்கிறது. அளந்து வைத்த கட்டத்துள் அடங்காமல் வால் அறுபடுகிறது. உயரத்தையும் எண்ணால் கட்டிவிட்டாலோ, 'கீ'யின் மேற்சுழியும் 'பு'வின் கீழ்க்கோடும் வெட்டுண்டு போகின்றன. ஊரிலிருக்கும் நம் தாய்மார் பார்வை மங்கியதால் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பர். எழுத்து வளரும், பொத்தானோ நின்ற இடத்திலேயே நிற்கும், மேல் வரி வந்து அதன்மேல் படியும். நாம் தொலைவில் இருக்கிறோம். அருகிருந்து செய்துதர இயலாது. ஆகவே மின்கட்டணம் செலுத்த அடுத்த வீட்டுப் பிள்ளையை அழைத்து, மறைக்கவேண்டிய இரகசிய எண்ணையும் அவனிடமே சொல்ல நேரிடுகிறது. இது சிறு குறையா?

வழி கேட்போர்க்கு நம் ஊரில் யாரும் அடிக்கணக்குச் சொல்வதில்லை. பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த வீடு என்பார்கள். செயலிக்கும் அதுவே தக்கது. 'தொகைக் கட்டத்திற்குக் கீழே, வலது ஓரத்திலிருந்து 16 அலகு தள்ளி' என உறவு கூறிவிட்டால், மேலுள்ளது வளர வளரப் பொத்தான் தானே இறங்கிக்கொள்ளும். பக்கம் உருளும்படி அமைத்துவிட்டால் திரைக்கு வெளியே சென்று மறையவும் மறையாது. ஐபோனில் 2012-ல் வந்த 'ஆட்டோ லேஅவுட்', ஆண்ட்ராய்டில் 2016-ல் அறிமுகமான 'கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்' ஆகிய இரண்டும் இம்முறையினவே. விளையாட்டுச் செயலியிலும் ஓவியப் பலகையிலும் ஆயத்தொலைவு தாராளமாக ஆளட்டும், படிவங்களில் வேண்டா.

செயலி இயற்றும் இளைஞர்கள் அதனை வெளியிடுமுன், மொழியைத் தமிழாக்கி, எழுத்தை மிகப் பெரிதாக வைத்து, ஒரு சிறு கைப்பேசியில் ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக. பத்து நிமிட வேலைதான்.