துளையை மூடுவது யார்?

2023 மார்ச் மாதம் மத்திய சர்க்கார் வெளியிட்ட நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய இடங்களும் சேர்க்கப்பட்டிருந்ததும், குடியானவர்களும் தமிழ்நாட்டுச் சர்க்காரும் ஆட்சேபித்ததன்மேல் ஏப்ரலில் அவை நீக்கப்பட்டதும் நேயர்கள் அறிந்ததே. அத்தோடு காரியம் தீர்ந்ததென்று நாம் நினைக்கவில்லை. நாளை வேறொரு ஊருக்கு வருவார்கள்.

"சுரங்கமா வெட்டுகிறோம்? நாலு துளை போட்டுப் பார்க்கிறோம், அவ்வளவுதானே!" என்று சமாதானம் சொல்லுகிறவர்களை ஒன்று கேட்கிறோம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நீர் அடைபட்டுக் கிடக்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் அங்கே சுரங்கமே நடக்கும். அப்பேர்ப்பட்ட பூமியில் போட்ட துளையை அடிமுதல் சிமெண்டுக் குழம்பு செலுத்தி அடைக்காமல், வாயில் மட்டும் நாலு கூடை மண்ணைத் தள்ளிவிட்டுப் போனால், கீழ்நீரும் மேல்நீரும் கலந்து குடியானவனுடைய கிணறு கெடாதா? மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்திருந்து மறுபடியும் மேலேயே பரப்பாவிட்டால் அங்கே எது முளைக்கும்?

ஆகையால் துளை போடும் திட்டத்திலேயே மூடும் செலவும் எழுதப்பட்டு, அத்தொகை முன்னதாகவே ஜாமீனாகக் கட்டப்பட வேண்டும். கிணற்று நீரை முன்னும் பின்னும் சோதித்து, முடிவை ஊரார் கையில் கொடுக்க வேண்டும். அந்த வயலில் ஒரு போகம் விளைந்து, நிலத்துக்காரன் சரியென்று கையெழுத்துப் போட்ட பிறகே ஜாமீனைத் திருப்பித் தரலாம்.